ஒன்றும் ஏழும்

போன ஆவணியில் ஒருநாள் காலை சேவூரிலிருந்து போன் வந்தது. எங்கள் பழைய வீட்டை வாங்கியவர் பேசினார். "அம்மிணி, ரோட்டுப் பக்கமா ரெண்டு கடை கட்டறோம். முன் ஆசாரத்தை இடிக்கணும். அந்தக் கடல் படம் சுவத்துல இருக்குதல்ல, வேணும்னா ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்குங்க. சொல்லாம இடிச்சுட்டாங்கன்னு பின்னால பேச்சு வரக்கூடாது பாருங்க."

சேவூர்க்காரர்களுக்குக் கடல் சொந்தமில்லை. அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகும் சாலையில், நிலக்கடலையும் சோளமும் விளையும் மேட்டாங்காட்டு ஊர். வாலி வந்து பூசித்ததாகச் சொல்லும் வாலீஸ்வரர் கோயில் உண்டு, கடலைக்காய் ஏலம் உண்டு, விடிந்தால் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் உண்டு. கைகாட்டியில் நின்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடல் வர அரைநாள் ஆகும். அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டு ஆசாரத்துச் சுவரில் மட்டும் இத்தாலி தேசத்து அமால்ஃபி என்ற ஊரும் அதன் கடலும் இருந்தன. ஒன்பது பீங்கான் கற்கள். மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்தால் இரண்டடிச் சதுரம். கீழே நீலக் கடலும் இரண்டு படகுகளும். நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகும் வெள்ளை வீடுகளும், பச்சையும் மஞ்சளுமாகத் தலைகொண்ட ஒரு மணிக்கோபுரமும். மேலே மலை முகடு, அதன்மேல் இடிந்த காவல் கோபுரம் ஒன்று. கரையோரம் ஒரு சின்னக் கழுதை. சிறுவயதில் எனக்குக் கழுதைதான் பிடிக்கும்.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவின் பட்டறையிலிருந்து தொடங்க வேண்டும்.

திருப்பூருக்கும் இத்தாலிக்கும் உள்ள உறவு பழையது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டீ ஷர்ட் வாங்கினார். அதற்கு முன் உள்ளூர்ச் சந்தைக்கு உள்பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் அது. 1981இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடை நிறுவனம் வந்தது. அதன் பிறகு நடந்ததை இங்கே எல்லாரும் குடும்பக் கதையாகவே சொல்வார்கள்: யார் தோட்டத்தை விற்று எத்தனை மிஷின் போட்டார், யார் எந்த வருடம் கார் வாங்கினார், யார் எந்த வருடம் விற்றார்.

அப்பா ஏற்றுமதியாளர் அல்ல. ஜாப் ஒர்க் பிரிண்டிங். நான்கு நீள டேபிள், பத்து ஆட்கள். வெட்டிய துணிப் பிட்டுகளை டேபிளில் ஒட்டி, ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்று வைத்து இழுக்க வேண்டும். ஆறு நிறம் என்றால் ஆறு ஸ்கிரீன். ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் மூக்கின் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். "ரிஜிஸ்டர் விலகிருச்சு" என்பதுதான் எங்கள் வீட்டில் நான் கேட்ட மிகக் கெட்ட வார்த்தை. அப்பா தூரத்திலிருந்து பார்த்தே அரை மில்லிமீட்டர் விலகலைச் சொல்லிவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் பேனர் அச்சைப் பார்ப்பார். பஸ்ஸில் போனால் முன்சீட்டுக்காரர் சட்டைக் கட்டம் தையலில் சேர்கிறதா என்று பார்ப்பார்.

1995இல் அவருக்கு ஒரு வேலை வந்தது. அமால்ஃபியின் தோற்றத்தை நெஞ்சில் அச்சிட்ட டீ ஷர்ட், ஆறு நிறம். அந்தக் கரையோர ஊர்களுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு அங்கேயே விற்பதற்கு. அதாவது இத்தாலியக் கடற்கரையின் ஞாபகார்த்தப் பொருள் நொய்யல் கரையில் தயாரானது. நீலம் நான்கு தடவை திரும்பி வந்தது. "கடல் இப்படி இருக்காது" என்று ஒவ்வொரு தடவையும் எழுதியிருந்தார்கள். அப்பா கடலை அதுவரை ஒரே தடவை, கல்யாணமான புதிதில் ராமேஸ்வரத்தில் பார்த்திருந்தார். ஐந்தாவது தடவை நீலத்தில் துளி பச்சை சேர்த்தார். பாஸாகிவிட்டது.

அடுத்த சீசனுக்கு அந்த இத்தாலிக்காரர் திருப்பூர் வந்தபோது ஏற்றுமதியாளரிடம் சொல்லி அப்பாவின் பட்டறைக்கே வந்தார். கையில் வைக்கோல் திணித்த ஒரு மரப்பெட்டி. "நீங்கள் பார்க்காத கடலைச் சரியாகப் போட்டுவிட்டீர்கள், இனிப் பாருங்கள்" என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். கூட வந்தவர் அதை, "உங்க கலர் ஓகே, இது கிஃப்டுங்க" என்று மொழிபெயர்த்தாராம். அப்பா இரண்டையும் சொல்லிச் சிரிப்பார்.

கல்லின் ஓரத்தில் வியெத்ரி என்று எழுதியிருந்தது. எங்கள் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பிறகுதான் அது ஆள் பெயரல்ல, ஊர்ப் பெயர் என்று தெரிந்துகொண்டேன். வியெத்ரி சுல் மாரே, அமால்ஃபிக் கரையின் கிழக்கு முனையில், சலேர்னோவை ஒட்டி இருக்கிறது. நூற்றாண்டுகளாகப் பீங்கான்தான் அதன் பிழைப்பு. ஊர்ப் பெரிய கோயிலின் குவிமாடத்துக்கே பச்சையும் மஞ்சளும் நீலமுமான பீங்கான் போர்த்தியிருக்கிறார்கள். 1920களில் ஜெர்மனியிலிருந்து வந்து தங்கிய ஓவியர்கள் அங்கே வரையத் தொடங்கிய சின்னக் கழுதைதான் இன்று ஊரின் அடையாளம். என் கழுதைக்கு அப்படியொரு பூர்வீகம்.

இந்த வகைப் பீங்கானுக்கு மஜோலிகா என்று பெயர். மயோர்கா தீவு வழியாக ஸ்பெயின் பாத்திரங்கள் இத்தாலிக்குப் போனதால் தீவின் பெயரே சரக்குக்கு ஒட்டிக்கொண்டது என்பார்கள். கோழிக்கோட்டுத் துணி காலிகோ ஆன மாதிரி. ஏன், நாங்கள் தினம் நூறு தடவை சொல்லும் சிங்கிள் ஜெர்சியே ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஒரு தீவின் பெயர்தான்.

செய்முறையைப் படித்தபோது அப்பாவின் டேபிள் ஞாபகம் வந்தது. களிமண் கல்லை ஒருமுறை சுட்டெடுத்து, வெள்ளீயம் கலந்த வெள்ளைக் கண்ணாடிப் பூச்சில் முக்குகிறார்கள். அது காய்ந்ததும் முகப்பவுடர் மாதிரி இருக்கும். அதன்மேல் தூரிகை பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். அழிக்கவோ திருத்தவோ முடியாது. நிறங்களும் அப்போது தம் முகத்தைக் காட்டுவதில்லை. நீலத்தைத் தரும் கோபால்ட் ஆக்ஸைடு தூளாக இருக்கையில் கருப்பு. பச்சைக்குச் செம்பு, மஞ்சளுக்கு ஆன்டிமனி, பழுப்புக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் மாங்கனீஸ். இரண்டாவது தடவை சூளையில் தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் வெந்து, பூச்சு உருகிக் கண்ணாடியாகி, நிறம் அதற்குள் மாட்டிக்கொண்ட பிறகுதான் கடல் நீலமாகும். அதன்பின் வெயிலோ சோப்போ அதை ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் பனியனில் அச்சிட்ட அமால்ஃபி இருபது சலவையில் வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

1996 தையில் வீடு கட்டி முடித்தோம். எங்கள் பக்கத்தில் புது வீட்டு நிலவுக்கு மேலே சாமி படம் போட்ட டைல்ஸ் பதிப்பது வழக்கம். வள்ளி தெய்வானையோடு முருகன், அல்லது கஜலட்சுமி. செட்டிநாட்டில் இதற்கு நூறு வருட முன்னோடி உண்டு. கப்பலில் ஜப்பானிலிருந்து வந்த புடைப்புச் சித்திர டைல்ஸில் கிருஷ்ணனும் லட்சுமியும் ரவிவர்மா படச் சாயலில் இருப்பார்கள். இன்று குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வருகிறார்கள். துணிக்கு வந்த அதே இங்க்ஜெட் அச்சு டைல்ஸுக்கும் வந்துவிட்டதால் பழனி மலையோ, வீட்டுக்காரர் போட்டோவோ, எது கேட்டாலும் கல்லில் கிடைக்கிறது. அப்பா நிலவுக்கு மேல் முருகனை வைத்தார். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் ஆசாரத்துச் சுவரை அமால்ஃபிக்கு ஒதுக்கினார்.

அப்பத்தா முகவாயில் கைவைத்துப் பார்த்தாள். "இது ராமேஸ்வரமாப்பா?"

"இல்லீங்மா, வெளிநாடு."

"கோயலு தெரியுது, சாமியக் காணமே?"

"சாமி உள்ளே இருக்குமுங்."

அந்தப் பதிலில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை முருகனுக்கு வைத்த திருநீற்றில் ஒரு விரல் மிச்சத்தை மணிக்கோபுரத்துக்கும் இட்டுவிட்டுப் போவாள். அவள் போன பிறகு அப்பா ஈரத்துணியால் துடைப்பார்.

பதித்தவர் எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி. தரைக்கும் பாத்ரூமுக்கும் கல் போட்டிருக்கிறார், படம் போட்டதில்லை. கற்களைத் தொட்டியில் ஊறப்போட்டு, தரையில் பரப்பி, பின்பக்கம் சுட்ட பழுப்பு மையில் எழுதியிருந்த எண்களைப் பார்த்து அடுக்கினார். எண் மேலிருந்து கீழாக ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று முதல் பத்தி. நடுக் கற்களில் வீடும் படகும் இருந்ததால் சந்தேகமில்லை. சாயங்காலத்துக்குள் பதித்து, பால் சிமெண்ட் இட்டுத் துடைத்துவிட்டார். கூலி கொடுக்கப்போனபோது வாங்கவில்லை. "இது என்ற மொய்யா இருக்கட்டுங்க" என்றார். அப்பா மொய் நோட்டில் பண வரிகளுக்கு நடுவே எழுதி வைத்தார்: "மேஸ்திரி, கடல் படம் பதித்த கூலி."

படத்தில் ஒரே ஒரு குறை. மேல் வரிசையில் மலை முகட்டுக் கோடு கல்லுக்குக் கல் சேரவில்லை. நடுக் கல்லிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு விரல் அளவு ஏறி இறங்கியது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன்.

"கைவேலைன்னா அப்படித்தான் இருக்கும் கண்ணு" என்றார்.

அரை மில்லிமீட்டருக்கு ஸ்கிரீனைக் கழற்றுகிற மனிதர் ஒரு விரல் விலகலுக்கு அப்படிச் சொன்னதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நொய்யல் தண்ணீரை நம்பி வெள்ளாமை வைத்தவர்கள் எத்தனையோ வருடமாகக் கேட்ட நியாயம் அது. அவர்கள் நிலத்தில் படிந்த சாயத்தில் எங்கள் அமால்ஃபி நீலமும் சேர்த்தி என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். கல்லுக்குள் நிறத்தைச் சிறைவைக்கத் தெரிந்தவர்கள் கொடுத்த படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, நாங்கள் எங்கள் நிறத்தை ஆற்றில் விட்டோம். ஆனால் நியாயம் தெரிவதும் வட்டி கட்டுவதும் வேறு வேறு காரியங்கள். சாயத்துணி வராமல் டேபிள்கள் காய்ந்தன. ஆட்கள் ஊருக்குப் போனார்கள். 2012இல் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டுத் திருப்பூரில் வாடகை வீட்டுக்கு வந்தோம்.

படத்தை அப்போதே எடுத்துவிடலாம் என்று அம்மா சொன்னார். அப்பா கேட்கவில்லை. "வீடு வாங்கறவங்களுக்குச் சுவத்தக் குத்தி வெச்சுக் குடுக்கறதா?" என்றார். அதன்பின் சேவூர் வழியாகப் புளியம்பட்டி போக நேர்ந்தால் பஸ்ஸில் வீடு தெரியாத பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துகொள்வார். 2018இல் போய்ச் சேர்ந்தார்.

போன் வந்த அன்று இரவு, ஊர்ப் படங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். லிஸ்பனில் உள்ள பீங்கான் அருங்காட்சியகத்தில் அந்த நகரத்தையே நீலத்திலும் வெள்ளையிலும் தீட்டிய ஒரு சுவர் இருக்கிறது. சுமார் 1700இல் செய்தது. நீளம் ஏறக்குறைய 23 மீட்டர். ஆற்றோரமாகப் பல மைலுக்கு அரண்மனை, மாதாகோயில், படகுத்துறை எல்லாம் வரிசையாக இருக்கும். 1755 நவம்பர் முதல் தேதி நிலநடுக்கமும் நெருப்பும் பேரலையும் அந்த நகரத்தைத் தின்றுவிட்டன. பழைய லிஸ்பன் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு இன்று அந்தக் கற்களைக் காட்டுகிறார்கள். அமால்ஃபிக்கும் அப்படியொரு நாள் உண்டு. வெனிஸ், ஜெனோவா, பீசாவோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கடல் குடியரசு அது. இத்தாலியக் கடற்படைக் கொடியில் இன்றும் அந்த நான்கு ஊர்களின் சின்னங்கள் இருக்கின்றன. 1343 நவம்பரில் வந்த கடல் சீற்றம் அதன் கீழ் ஊரையும் துறைமுகத்தையும் கொண்டுபோயிற்று. நம் சுவரில் இருந்தது எஞ்சிய ஊர்.

ஊர் போனாலும் படம் நிற்கும் என்று நம்பிக்கை வந்தது. அடுத்து ஒரு சந்தேகமும் வந்தது. ஆயிரம் டிகிரி நெருப்பில் பிழைத்த கல், சுவரிலிருந்து பெயர்க்கும்போது பிழைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியையே கூப்பிட்டிருந்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். கைநடுக்கம். மகன் கட்டிங் மிஷினோடு வந்திருந்தார். "படம் போட்ட வேல அதுக்கப்பறம் நாப்பது அம்பது வூட்டுக்குச் செஞ்சுட்டனுங்க அம்மிணி. மொதல்ல எல்லாத்தையும் இங்கதான் கூட்டியாந்து காட்டுவன். உங்கப்பா காப்பி குடுத்து, 'மேஸ்திரி கையில சுத்தம்'னு சொல்லுவாரு" என்றார்.

மகன் படத்தைச் சுற்றிச் சுவரை வெட்டினார். பிறகு கற்களுக்குப் பின்னால் காரைக்குள் உளியை விட்டுச் சிறுகச் சிறுகத் தட்டினார்கள். சுட்ட களிமண் சிமெண்டை நன்றாகக் குடித்திருந்தது. கடலில் இரண்டு கல் உடைந்தன. மணிக்கோபுரம் இரண்டாகப் பிளந்தது. மிச்சம் ஆறு முழுசாக வந்தன. கழுதை தப்பித்தது.

மேல் வலது மூலைக் கல்லை மேஸ்திரியே எடுத்தார். பின்பக்கக் காரை அடையாக உதிர்ந்தது. பழுப்பு மையில் எண் தெரிந்தது. கீழிருந்து சாய்வாக ஏறி உச்சியில் மடிந்து நேராக இறங்கும் கோடு. பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இத்தாலிய பையர் கையால் எழுதிய திருத்தத்தை நான் தப்பாகப் படித்திருக்கிறேன். பனியன் நீளத்தை 1 செ.மீ. கூட்டச் சொன்னதை 7 என்று மாஸ்டரிடம் சொல்லி, சாம்பிள் நைட்டி மாதிரி வந்து நின்றது. அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் ஒன்றுக்கு நீளமாக மூக்கு வைப்பார்கள், நம் ஏழு மாதிரி இருக்கும். அவர்கள் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு.

மேஸ்திரி கையில் இருந்தது ஒன்று. ஏழாவது இடத்தில் இருந்தது. இடது மூலையிலிருந்து ஏற்கெனவே எடுத்து வைத்த, காவல் கோபுரம் உள்ள கல்லைத் திருப்பிப் பார்த்தேன். குறுக்குக் கோடு போட்ட ஏழு. போனில் அமால்ஃபியின் படத்தைத் தேடினேன். கடலிலிருந்து பார்த்தால் அந்தக் கோபுரம் ஊருக்கு வலப்பக்கம், அத்ரானி என்ற பக்கத்து ஊருக்கும் இதற்கும் நடுவில் உள்ள மலையில் நிற்கிறது. எங்கள் வீட்டில் அது இருபத்தெட்டு வருடமாக இடது பக்கம் நின்றது.

மேஸ்திரி என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னுங்க அம்மிணி, இது ஏழுதானுங்களே?"

"ஏழுதானுங்க மேஸ்திரி" என்றேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அது உங்கப்பாவுக்கு அடுத்த நாளே தெரியும்" என்றார். காலையில் சிமெண்ட் இறுகியிருந்தது. அப்பா பட்டறையிலிருந்து ட்ரேசிங் ஃபிலிம் கொண்டுவந்து படத்தின் மேல் ஒட்டி, மலைக்கோட்டை மட்டும் வரைந்து, மூலை இரண்டையும் வெட்டி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார். கோடு அப்படியே ஓடிச் சேர்ந்திருக்கிறது. "ரிஜிஸ்டர் உக்காந்துருச்சு" என்றாராம். பிறகு ஃபிலிமை மடித்துக் கலர் நோட்டுக்குள் வைத்துவிட்டு, "மேஸ்திரிகிட்ட ஆரும் சொல்லிப்போடாதீங்க. மொய் வெச்சவங்ககிட்டக் குறை சொல்லக்கூடாது" என்றாராம்.

கலர் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஃபிலிம் மஞ்சளாகிப் போயிருந்தது. வெட்டிய இரண்டு மூலைகளும் இடம் மாறி, செல்லோடேப்பில் ஒட்டியபடி இருந்தன. மலை நேராக ஓடியது. சரியான அமால்ஃபி எங்கள் வீட்டில் அந்த ஒரு தாளில் மட்டும் இருந்திருக்கிறது.

அப்பாவின் தொழில் முழுக்க விலகலைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்த விலகலோடு பதினாறு வருடம் தினமும் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். காப்பியோடு மேஸ்திரியைப் புகழ்ந்தும் இருக்கிறார். அதற்கு எவ்வளவு பிரயாசை வேண்டியிருந்திருக்கும் என்பது, பேனர் அச்சைக்கூடப் பொறுக்காத அவரைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது நாங்கள் வாங்கியிருக்கும் சின்ன வீட்டில் கற்களைப் பதிக்க வேண்டும். உடைந்த மூன்றையும் ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி மகன். மேஸ்திரி கூடவே இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். "ஆர்டர் எனக்கு ஞாபகம் இருக்குதுங்க" என்கிறார்.

கற்களைக் கழுவி, கட்டிங் வேஸ்ட் துணியில் தனித்தனியாகச் சுற்றி, மேலே மார்க்கரில் எண் எழுதி வைத்தேன். இத்தாலிக்காரரின் ஒன்று இருக்கும் பொட்டலத்தின் மேல், ஏழு என்று எழுதினேன்.